ஹென்றி ஃபீல்டிங்: வக்கீல் தொழில் படுத்ததால் நாவலாசிரியரா, வக்கீலாக இருந்ததால் நாவலாசிரியரா?

பழையஏடு

ஃபீல்டிங்கைப் பற்றித் தமிழில் கண்ணில் படும் அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரிதான்: பாரிஸ்டராக இருந்து நாவலாசிரியர் ஆனவர். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்த வரி நிற்க மறுக்கிறது. 1730-களில் நாடகம். 1740-ல் பாரிஸ்டர். 1742-ல் ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’. 1748-ல் மாஜிஸ்திரேட். 1749-ல் ‘டாம் ஜோன்ஸ்’. சட்டத்தை எந்த இடத்தில் விட்டார்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாவலில் அவருடைய சட்டப் படிப்பு எங்கே இருக்கிறது? வக்கீல் பாத்திரம் வருகிறது என்று சொல்லாதீர்கள், அது யார் எழுதினாலும் வரும். கதை கட்டியிருக்கும் விதத்தில் காட்ட முடியுமா?

கட்டியங்காரன்

நாடகத்திலிருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும். லண்டன் ஹேமார்க்கெட்டில் இருந்த சின்ன அரங்கை நடத்திக்கொண்டு, பிரதமர் வால்போலை மேடையில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர் அவர். 1737-ல் நாடக உரிமச் சட்டம் வந்தது. நாடகம் போட உரிமை பெற்ற அரங்குகள் லண்டனில் இரண்டோடு நின்றன. எந்தப் புது நாடகமானாலும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லேனின் அலுவலகம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஃபீல்டிங்கின் பிழைப்பு ஒரே சீசனில் போய்விட்டது. அப்போது வயது 30, மனைவி, குழந்தை, கடன்.

அதே ஆண்டு நவம்பரில் லண்டன் சட்ட விடுதிகளில் ஒன்றான மிடில் டெம்பிளில் மாணவராகச் சேர்ந்தார். தாய்வழிப் பாட்டனார் சர் ஹென்றி கோல்ட் கிங்ஸ் பெஞ்ச் நீதிபதியாக இருந்தவர், ஆகவே சட்டம் வீட்டுக்குப் புதிதில்லை. உங்கள் குறிப்பைத் திருத்துவதென்றால் இப்படித் திருத்தலாம்: நாடகத்தைப் பிடுங்கியதால் பாரிஸ்டர், பாரிஸ்டர் தொழில் சோறு போடாததால் நாவல்.

சன்னது

கட்டியங்காரன் சொன்னதில் பின்பாதிக்கு ஒரு திருத்தம் வைத்திருக்கிறேன், பிறகு வருகிறேன். முதலில் தொழில் எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவதற்கு அன்றைக்குப் பரீட்சை கிடையாது. நான்கு சட்ட விடுதிகள்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். ஒன்றில் சேர்ந்து, தவணைதோறும் அங்கே விருந்துண்டு, ஆண்டுகளைக் கடத்த வேண்டும். சாதாரணமாக ஆறேழு வருஷம் பிடிக்கும். ஃபீல்டிங்குக்கு 1740 ஜூன் 20-ம் தேதியே சன்னது, அதாவது வழக்காடும் உரிமம், கிடைத்துவிட்டது, அதாவது மூன்று வருஷத்துக்குள். இரவும் பகலும் படித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. படிக்கவும்தான் செய்திருப்பார், பிற்பாடு எழுதியவற்றில் அது தெரிகிறது. ஆனால் விடுதியில் ஆள் இல்லாமல் இத்தனை சலுகை யாருக்கும் கிடைக்காது.

சன்னது கிடைத்ததும் காசு வந்துவிடாது. பாரிஸ்டர் கட்சிக்காரரை நேராகத் தேடிப் போகக் கூடாது. அட்டர்னி தான் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஊரில் நாலு அட்டர்னிக்கு உங்களைத் தெரியாவிட்டால் அங்கியைப் போட்டுக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஃபீல்டிங் எடுத்தது மேற்குச் சுற்று. நீதிபதிகள் வருஷத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்திலும் கோடையிலும், வின்செஸ்டர், சாலிஸ்பரி, டார்செஸ்டர், எக்ஸெடர் என்று ஊர் ஊராகப் போய் அசைஸ் கோர்ட் நடத்துவார்கள். பாரிஸ்டர்கள் கூடவே போவார்கள், குதிரை, சத்திரம், சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு உண்டு. இதில் ஃபீல்டிங்குக்குக் கௌட் என்ற மூட்டுவாதம் வேறு. கால் வீங்கியவன் சேணத்தில் உட்கார்ந்து எக்ஸெடர் வரை போவதை நினைத்துப் பாருங்கள்.

மாடவீதி

நாவலில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து வைத்தால் கணக்கு நேராகும். ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’ 1742-ல் பதிப்பாளர் ஆண்ட்ரூ மில்லரிடம் 183 பவுண்டு சொச்சத்துக்கு விற்றார். ‘டாம் ஜோன்ஸ்’ 600 பவுண்டு. விற்பனை எகிறியதும் மில்லர் தானாக இன்னொரு 100 கொடுத்தார். ஆறு தொகுதி, முதல் அச்சு 2,000 பிரதி, அந்த ஒரே வருஷத்தில் நான்கு அச்சு போய் மொத்தம் 10,000.

கவனிக்க வேண்டியது தேதி. 600 பவுண்டுக்கு ரசீது எழுதிக் கொடுத்தது 1748 ஜூனில், வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் ஆவதற்கு நாலைந்து மாதம் முன்பே. அதனால் மாஜிஸ்திரேட் நாற்காலியில் கண்டதை வைத்து ‘டாம் ஜோன்ஸ்’ எழுதினார் என்பது தவறு. அது முழுக்க பாரிஸ்டர் காலத்து நாவல். மாஜிஸ்திரேட் காலத்து நாவல் 1751 டிசம்பரில் வந்த ‘அமீலியா’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனிதர் மாறியிருப்பது தெரியும். என் கருத்து: மாஜிஸ்திரேட் வேலை நாவலாசிரியரைத் தின்றுவிட்டது.

சன்னது

கருத்து சரியா தவறா பிறகு பார்ப்போம். பழையஏடு கேட்ட கட்டுமானக் கேள்விக்கு என் பதில், கட்டியங்காரனுக்குச் சொன்ன திருத்தமும் இதுவே.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஃபெலனி வழக்கில், அதாவது தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுடைய வக்கீல் ஜூரியிடம் பேச முடியாது. சட்டப் புள்ளி எழுந்தால் வாதாடலாம். 1730-களில் இருந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் நீதிபதிகள் விட ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் “நடந்தது இது, இவன் இதற்காகச் செய்தான்” என்று முழுக் கதையைக் கோத்துச் சொல்லும் உரை கூடாது. 1836-ல் தான் அந்த உரிமை வந்தது.

இப்போது ‘டாம் ஜோன்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 18 புத்தகம்: ஆறு கிராமத்தில், ஆறு வழியில், ஆறு லண்டனில். ஒவ்வொன்றின் முதல் அத்தியாயத்திலும் கதைசொல்லி எழுந்து நின்று வாசகரிடம் நேராகப் பேசுகிறார். டாம் மேல் வரும் குற்றச்சாட்டு ஒவ்வொன்றும் சாட்சியோடு வருகிறது. எதிர்ச் சாட்சி நமக்கு மட்டும் காட்டப்படுகிறது, பெற்றோர் தெரியாத டாமை எடுத்து வளர்த்த பெரியவர் ஆல்வொர்திக்குக் காட்டப்படுவதில்லை. கோர்ட்டில் பாரிஸ்டருக்கு இல்லாத உரையை நாவலில் 18 புத்தகத்துக்கு நிகழ்த்தியிருக்கிறார். வழக்கு வராததால் எழுதினார் என்பது பாதிதான் உண்மை. வழக்கு வந்திருந்தாலும் இதைக் கோர்ட்டில் சொல்ல விட்டிருக்க மாட்டார்கள்.

மாடவீதி

அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம். வாசகரிடம் நேராகப் பேசுவது நாடக முன்னுரையில் இருந்தும் வரலாமே. கட்டியங்காரன் சண்டைக்கு வர மாட்டாரா?

கட்டியங்காரன்

வருவேன். அத்தியாய முகப்புப் பேச்சு நாடகக்காரன் சொத்து, அதை விட்டுத்தர முடியாது. ஆனால் யாருக்கு எந்தச் சாட்சி எப்போது தெரிய வருகிறது என்ற கணக்கு மேடையில் கற்றதில்லை. மேடையில் ஒருவன் திரைக்குப் பின்னால் ஒளிந்தால் அதே காட்சியில் அவன் வெளியே வந்தாக வேண்டும். இங்கே ஒரு கடிதம் ஐந்தாம் புத்தகத்தில் ஒளிகிறது, பதினெட்டாம் புத்தகத்தில் வெளியே வருகிறது.

சன்னது

அந்தக் கடிதம்தான் நாவலின் ஆணி. தெரியாதவர்களுக்கு: ஆல்வொர்தியின் தங்கை பிரிட்ஜெட் சாகும் தறுவாயில், டாம் தன் மகன் என்று அண்ணனுக்கு எழுதி அட்டர்னி டௌலிங்கிடம் கொடுக்கிறாள். டௌலிங் வரும்போது ஆல்வொர்தி படுக்கையில். கடிதம் பிரிட்ஜெட்டின் இன்னொரு மகன் பிளிஃபில் கையில் போகிறது, அவன் அமுக்கிவிடுகிறான். டௌலிங்குக்கு விஷயம் தெரியும். ஆனால் அவனிடம் யாரும் கேட்பதில்லை, கேட்காததை அவன் சொல்வதில்லை. கதை முழுக்க அந்த அட்டர்னி அங்கும் இங்கும் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறான், எப்போதும் அவசரத்தில். கூப்பிடப்படாத சாட்சி ஒருவன் கோர்ட் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருப்பது மாதிரி.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் இரண்டாம் புத்தகம், ஆறாம் அத்தியாயம். பள்ளி ஆசிரியர் பார்ட்ரிட்ஜை ஆல்வொர்தி விசாரிக்கிறார். குழந்தை டாமுக்கு அப்பன் நீதானே என்பது குற்றச்சாட்டு. முக்கிய சாட்சி பார்ட்ரிட்ஜின் மனைவி. கணவனுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ மனைவியின் சாட்சியம் செல்லாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய விதி. ஆல்வொர்தி நல்லவர், சட்டம் தெரியாதவர், சாட்சியத்தை ஏற்றுக்கொள்கிறார். பார்ட்ரிட்ஜ் குற்றவாளியாகி ஊரைவிட்டுப் போகிறான். அவன் செய்யவே இல்லை என்பது நாவல் முடிவில் தெரிகிறது. அத்தியாயத் தலைப்பிலேயே நம் சட்டத்தின் ஞானம் பற்றிய சிறு சிந்தனை என்று போட்டிருக்கிறார். சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம், ஆனால் முழுக் கதையும் செல்லாத சாட்சியம் ஒன்றின் மேல் ஏறி நிற்கிறது. இதைத்தான் கட்டுமானம் என்கிறேன்.

பழையஏடு

இது கிடைத்தால் போதும் என்று இருந்தேன், நன்றி சார். ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’ பக்கம் இதுபோல ஏதாவது?

மாடவீதி

குச்சி வழக்கு. நாலாம் புத்தகம். ஜோசஃப் முன்பு வேலை பார்த்த வீட்டு எஜமானி லேடி பூபிக்கு, அவனையும் அவன் காதலி ஃபேனியையும் ஊரைவிட்டுத் துரத்த வேண்டும். ஸ்கௌட் என்று ஒருவன், முறையாகப் படிக்காமல், பார்லிமென்ட் சட்டத்தை மீறி வக்கீல் வேலை பார்ப்பவன், வழி சொல்கிறான். மாஜிஸ்திரேட் கையாலேயே எழுதிய வாக்குமூலம் அப்படியே நாவலில் அச்சாகியிருக்கிறது, எழுத்துப் பிழைகளோடு. ஜோசஃப் கத்தியால் ஒரு ஹேசல் குச்சியை வெட்டினான், மதிப்பு ஒன்றரை பென்னி. இதற்கு இரண்டு பேருக்கும் ஒரு மாதம் பிரைட்வெல் சிறை. இது அநியாயம் இல்லையா என்று கேட்டால் ஸ்கௌட் சொல்கிறான்: கருணை காட்டியிருக்கிறோம், குச்சி என்பதற்குப் பதில் இளமரம் என்று எழுதியிருந்தால் இருவரையும் தூக்கில் போட்டிருப்பார்கள்.

கிண்டல் மாதிரி இருக்கும், ஆனால் குற்றப் பத்திரிகையில் பொருளுக்கு என்ன பெயர் எழுதுகிறோம், என்ன விலை போடுகிறோம் என்பதில் அன்று உயிர் தொங்கியது நிஜம். அப்போது மனிதருக்குச் சன்னது கிடைத்து இரண்டு வருஷம் கூட ஆகவில்லை.

சன்னது

அதே வகையில் ‘டாம் ஜோன்ஸ்’ கடைசிப் பகுதியில் ஒன்று உண்டு. டாம் தொலைத்த 500 பவுண்டை வேட்டைக் காவலன் பிளாக் ஜார்ஜ் எடுத்து வைத்துக்கொள்கிறான். என்ன வழக்குப் போடலாம் என்று ஆல்வொர்தி டௌலிங்கைக் கேட்கிறார். பிளாக் ஆக்டின் கீழ் போடலாம், ஆனால் நுணுக்கமான விஷயம், பாரிஸ்டரிடம் கருத்துக் கேட்பது நல்லது என்கிறான் டௌலிங். பிளாக் ஆக்ட் 1723-ல் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடுகிறவர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம். பெயரில் கறுப்பு இருக்கிறது என்பதைத் தவிர இந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லை! சட்டம் தெரியாத வாசகருக்கு இது ஒரு வரி, டெம்பிளில் விருந்துண்டவர்களுக்கு வெடிச்சிரிப்பு.

வைகைக்கரை

இடையில் ஒரு சின்னக் கேள்வி. மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் இந்த வரிசையில் வைக்கலாமா? முன்சீப், 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’.

சன்னது

பாரிஸ்டர் இல்லை என்பதால் இந்தத் தலைப்புக்குள் வர மாட்டார். ஆனால் ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை: தீர்ப்பு எழுதிய கை, உரைநடைக் கதைக்கு முன்மாதிரி அதிகம் இல்லாத இடத்தில் நாவலுக்குப் போனது. தனி இழை போடுங்கள் தம்பி, வருகிறேன். இங்கே ஃபீல்டிங்கை முடித்துவிடுவோம்.

மாடவீதி

என் கட்சியைச் சொல்கிறேன். மாஜிஸ்திரேட் பதவி முதலில் வெஸ்ட்மின்ஸ்டருக்கு மட்டும். மிடில்செக்ஸ் முழுக்க அதிகாரம் வேண்டுமானால் வருஷம் 100 பவுண்டு மதிப்புள்ள சொத்து காட்ட வேண்டும். அவரிடம் இல்லை. பெட்ஃபர்ட் பிரபுவிடம் கேட்டு, குத்தகையாக வீடுகள் வாங்கித்தான் தகுதி பெற்றார். உட்கார்ந்தது போ ஸ்ட்ரீட்டில். சம்பளம் கிடையாது, வாரண்டுக்கு இத்தனை என்று கட்டணம். சண்டையைக் கிளப்பிவிட்டால் வருமானம் கூடும். வியாபார நீதிபதி என்று அதற்குப் பெயரே இருந்தது. முன்னே இருந்த ஒருவர் வருஷம் 1,000 பவுண்டு பார்த்ததாகப் பெருமை பேசுவாராம். ஃபீல்டிங் மூட்டைத் தூக்குபவர்கள், பிச்சைக்காரர்கள் சண்டையைச் சமாதானம் செய்து அனுப்பினார். கடைசி ஷில்லிங்கோடு நிற்பவனிடம் அதை வாங்க மறுத்தார். உலகத்திலேயே அழுக்கான 500 பவுண்டு, 300 சொச்சமாகக் குறைந்தது, அதிலும் நல்ல பங்கு குமாஸ்தாவுக்கு. சாகும் வருஷம் அவரே எழுதி வைத்த கணக்கு இது.

இந்த அழுக்கில் உட்கார்ந்து எழுதிய ‘அமீலியா’வில் பழைய சிரிப்பு இல்லை. எல்லாமே புகார் மனு.

சன்னது

இல்லவே இல்லை. முதல் புத்தகத்தில் நீதிபதி திராஷரைப் பாருங்கள். அவருக்குச் சட்டம் தெரியாது, மனித இயற்கை தெரியும்: இரண்டு பக்கமும் காசு பெயராத வழக்கில் மட்டும்தான் நடுநிலையாக இருப்பார். அடிபட்ட ஒருவன் முன்னால் நிற்கிறான். வாய் திறந்ததும் அயர்லாந்து உச்சரிப்பு. உன் நாக்கே காட்டிக்கொடுத்துவிட்டது, ஐரிஷ்காரன் என்பதே எனக்குப் போதுமான சாட்சியம் என்கிறார். சண்டையை விலக்கப் போன கதாநாயகன் பூத் காசில்லாமல் சிறைக்குப் போகிறான், அடித்தவர்கள் கான்ஸ்டபிளுக்குக் கொடுத்துவிட்டு நழுவுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் எப்படி நடத்துகிறான் என்று தெரிந்தவரால்தான் இந்தக் காட்சியை எழுத முடியும்.

சறுக்கியது வேறு இடத்தில். விபத்தில் அமீலியாவின் மூக்கு நொறுங்கியது என்று எழுதியவர், அதைச் சரி செய்ததாக எழுத மறந்துவிட்டார். பிறகு நாவல் முழுக்க அவள் பேரழகி. மூக்கில்லாத அழகி என்று லண்டனே சிரித்தது. 1752 ஜனவரியில் தன்னுடைய கோவெண்ட் கார்டன் ஜர்னலில் அவர் செய்ததைக் கேளுங்கள்: ‘அமீலியா’வைக் கூண்டில் ஏற்றி ஒரு விசாரணை நடத்தி, தகப்பன் என்று தானே எழுந்து நின்று, இனி இந்த மாதிரிக் குழந்தைகளைப் பெற்று உலகத்துக்குத் தொந்தரவு தர மாட்டேன் என்று சொல்லி வழக்கை முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை.

பழையஏடு

வக்கீல், மாஜிஸ்திரேட், கதைசொல்லி மூன்றும் ஒரே ஆளில் மோதிய இடம் ஏதாவது?

சன்னது

எலிசபெத் கானிங் வழக்கு. 1753 ஜனவரி முதல் தேதி காணாமல் போன 18 வயது வேலைக்காரப் பெண், 29-ம் தேதி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். என்ஃபீல்டு வாஷில் ஒரு வீட்டுப் பரணில் ரொட்டித் துண்டும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து அடைத்தார்கள், மேரி ஸ்குவையர்ஸ் என்ற ஜிப்ஸிக் கிழவி தன் இடுப்புக் கச்சையை அறுத்தெடுத்துக்கொண்டாள் என்றாள். கச்சை மதிப்பு 10 ஷில்லிங். தூக்குக்கு அது போதும்.

எங்கே கோளாறு என்று பாருங்கள். சால்ட் என்ற அட்டர்னி இந்த வழக்கை ஃபீல்டிங்கிடம் முதலில் அனுப்பியது பாரிஸ்டர் என்ற முறையில், கருத்துக் கேட்டு, கட்டணத்தோடு. வாங்கிக்கொண்டார். பிறகு அதே வழக்கில் மாஜிஸ்திரேட்டாகக் கானிங்கிடம் பிரமாண வாக்குமூலம் எடுத்தார். அந்த வீட்டில் இருந்த வெர்ச்சூ ஹால் என்ற பெண்ணை மாலை ஆறு மணியில் இருந்து ஏறக்குறைய பன்னிரண்டு வரை விசாரித்தார். முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாள். உன்னைக் குற்றவாளியாகச் சிறைக்கு அனுப்புவேன் என்றார். அதன்பின் உண்மை சொல்கிறேன் என்றாள். அதை எழுதி எடுத்தது யார்? ஒரு கட்சியின் அட்டர்னியான சால்ட். கானிங் சொன்னதோடு அது அப்படியே பொருந்தியது. பொருந்தியதாலேயே ஃபீல்டிங் நம்பினார்.

ஸ்குவையர்ஸுக்குத் தூக்குத் தீர்ப்பு. லார்ட் மேயர் சர் கிறிஸ்ப் காஸ்கொயினுக்கு மனம் ஒப்பவில்லை, விசாரித்தார். கிழவி அந்த நாட்களில் டார்செட் பக்கம் அபட்ஸ்பரியில் இருந்ததாகச் சாட்சிகள் வந்தார்கள். ஹால் பல்டி அடித்தாள். கிழவிக்கு மன்னிப்பு, 1754-ல் கானிங் பொய்ச் சாட்சிக்காக ஏழு வருஷம் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டாள். ஃபீல்டிங் அதற்கு முன்பே கானிங்குக்காகத் துண்டுநூல் எழுதி அச்சிட்டுவிட்டார்.

இரண்டு வாக்குமூலம் வரிக்கு வரி ஒத்துப்போனால் ஒரே வாயிலிருந்து வந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். பார்ட்ரிட்ஜ் விசாரணையை எழுதியவருக்கு இது தெரியாதா? ஆல்வொர்தி செய்த தவறைத் தானே செய்தார்.

மாடவீதி

ஆக, நாற்காலி அவரைத் தின்றது என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

சன்னது

நாற்காலி இல்லை, களைப்பு. அந்த வாரத்தில் விசாரணைகளால் செத்துச் சுண்ணாம்பான நிலையில் இருந்ததாக அவரே எழுதுகிறார். அடுத்த வருஷம் வயிற்றில் நீர் கட்டி, 14 குவார்ட் எடுத்தார்கள். 1754 ஜூன் 26-ல் வீட்டைவிட்டு லிஸ்பனுக்குக் கிளம்பினார், அக்டோபர் 8-ல் அங்கேயே இறந்தார், வயது 47. போ ஸ்ட்ரீட் நாற்காலி கண்பார்வை இல்லாத தம்பி ஜான் ஃபீல்டிங்குக்குப் போனது. புத்தகங்களை 653 லாட்டாக ஏலம் விட்டார்கள், அதில் சட்ட நூல்கள் கணிசம். சட்டத்தை எங்கே விட்டார் என்று முதலில் கேட்டீர்களே, அந்த ஏலப் பட்டியலைப் பாருங்கள்.

பழையஏடு

‘அமீலியா’ வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தப் பதிப்பு?

மாடவீதி

இரண்டு பாடம் சுற்றுகிறது. ஒன்று 1751 முதல் பதிப்பு. இன்னொன்று ஃபீல்டிங் திருத்தி வைத்து, 1762-ல் ஆர்தர் மர்ஃபி தொகுத்த நூல்வரிசையில் வந்தது. திருத்திய பாடத்தில் சில பகுதிகள் போய்விட்டன, பழைய மலிவுப் பதிப்புகள் பல அதைத்தான் அச்சிட்டன. முன்னுரையில் எந்தப் பாடம் என்று சொல்லியிருக்காவிட்டால் இரண்டாம் புத்தகம் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். மூக்கு நொறுங்கிய இடத்தில் அறுவை மருத்துவர் வந்து அதைச் சரி செய்தால் உங்கள் கையில் இருப்பது திருத்திய பாடம். மருத்துவர் வராவிட்டால் முதல் பதிப்பு, அதையே வாங்குங்கள்.